மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறேன், படித்தது தாளில் வர என்ன செய்யலாம்?

சரக்கறைக்காரன்

வணக்கம். எனக்கு வயது 43. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவன். இப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ரொம்ப நாள் ஆசைப்பட்டு இந்த வருடம் தொலைநிலைக் கல்வியில் வணிகவியல் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், புள்ளியியல் என்று மூன்று தாள். முதல் இரண்டும் விரிவாக எழுத வேண்டியவை, மூன்று மணி நேரம், 100 மார்க். புள்ளியியல் முழுக்க நாலு ஆப்ஷனில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தப்பு விடைக்கு மார்க் கழிப்பார்கள்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் உட்காருகிறேன், விடுமுறை நாளில் இன்னும் கொஞ்சம். வணிகச் சட்டப் புத்தகத்தை முழுதாகப் படித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் மை பூசி வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் போன வாரம் மகள் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "ஒப்பந்தம் செல்லுபடியாக என்னென்ன வேணும், சொல்லுங்கப்பா" என்று கேட்டாள். அது இடதுபக்கத் தாளில், கீழ்ப்பாதியில், கட்டம் போட்டு இருக்கிறது என்பது வரைக்கும் கண்ணில் தெரிகிறது. கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் வரவில்லை.

இன்னொரு கவலை கை. கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனாவைத் தொட்டே வருடக்கணக்காகிறது, எல்லாம் கம்ப்யூட்டர்தான். மூன்று மணி நேரம் எழுத முடியுமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

வயசானால் மனப்பாடம் ஏறாது என்று சுற்றி இருப்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? என்னைப் போல வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதியவர்கள், தேர்வு நாளுக்கும் அதற்கு முன்னாலும் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுநோட்டு

ஒன்று மட்டும் சொல்கிறேன். தேர்வு தொடங்கியதும், மறந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருக்கும் சூத்திரங்களையும் வரிசைகளையும் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் "சரிபார்ப்பு" என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் மனது அதைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. நான் துறைத் தேர்வுகள் எல்லாவற்றையும் இப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும்.

மாலைவகுப்பு

வணக்கம் தம்பி. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பில் கணக்கியலும் வணிகச் சட்டமும் நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். நானும் குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் பட்டப் படிப்பையே எழுதி முடித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, உள்ளே இருப்பது வரவில்லை என்றீர்களே, உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள் இதுவரை பழகியது பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வதற்கு. தேர்வில் கேட்பது, பார்க்காமல் எடுத்துக் கொடுப்பதை. முன்னதை எவ்வளவு செய்தாலும் பின்னது தானாக வந்துவிடாது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப் போகின்றன. அந்தப் பழக்கத்தையே நமக்குத் தெரியும் என்று மனது எடுத்துக்கொள்கிறது.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மாணவர்கள் முதலில் படித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப் போவதில்லை, இரண்டு மாதம் கழித்து வருகிறது. 2013இல் ஜான் டன்லோஸ்கியும் அவருடைய குழுவும் பத்துப் படிப்பு முறைகளை அலசி மதிப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மேல் வரிசைக்கு வந்தன. மஞ்சள் மை பூசுவதும் மறுபடி படிப்பதும் கீழ் வரிசையில் நின்றன. பூசிய மை வீணாகாது, எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது அடையாளமாக இருக்கட்டும்.

இன்றைக்கு ராத்திரியே இதைச் செய்யுங்கள். புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வையுங்கள். மேசையிலேயே இருந்தால் கை தன்னால் போகும். வெள்ளைத் தாளில் மகள் கேட்ட அதே கேள்வியை எழுதி, நீல மையில் விடை எழுதுங்கள். முன்மொழிவு, ஏற்பு என்று இரண்டு வந்து அதோடு நின்றுவிட்டால், ஒரு இரண்டு நிமிடம் அப்படியே உட்காருங்கள். அந்த இரண்டு நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்துதான் நாம் எல்லோரும் புத்தகத்தைத் திறந்துவிடுகிறோம். வேலை நடப்பது அங்கேதான். பிறகு புத்தகத்தை எடுத்து, விட்டுப்போன மறுபயன் (ஒருவர் தருவதற்குப் பதிலாக மற்றவர் தருவது), ஒப்பந்தம் செய்யும் தகுதி, சுதந்திர சம்மதம், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் ஆகியவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை இன்னொரு தாளில் எழுதிப் பாருங்கள், அப்புறம் ஒரு வாரம் கழித்து. சிவப்பு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு இல்லாத தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இருக்கும் தாளுக்கு நேரம் கொடுங்கள். ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்கிறவருக்கு இது ரொம்ப முக்கியம், தெரிந்ததையே திரும்பப் படிக்க நமக்கு நேரமில்லை.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். வேகம் குறையும், அது உண்மை. புது விஷயத்தைச் சட்டென்று பிடித்துக் கையாளும் வேகம் இருபதுகளின் வயதுக்குப் பிறகு மெல்லக் குறைகிறது. ஆனால் சொல்வளமும் சேர்த்து வைத்த அறிவும் அதோடு சேர்ந்து இறங்குவதில்லை, நடுவயது தாண்டியும் நிலைத்து நிற்கின்றன. ரேமண்ட் கட்டெல், ஜான் ஹார்ன் என்ற உளவியலாளர்கள் இவை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். உங்களுக்கு இதனால் என்ன என்றால், தொடர்பே இல்லாமல் இருபது வரியை மனப்பாடம் செய்யும் போட்டியில் சின்னப் பிள்ளைகள் முந்துவார்கள். தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைப்பதில் நீங்கள் முந்துவீர்கள். மறு ஆணை நிலை (இருப்பு எவ்வளவு குறைந்ததும் மறுபடி வாங்க வேண்டும் என்பது), குறைந்தபட்ச இருப்பு நிலை என்று அவர்கள் உருப்போடுவதை நீங்கள் தினமும் கையால் செய்கிறீர்கள்.

இதிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. வேலை பார்க்கிறவர்களின் விடைத்தாளில் நான் அதிகம் பார்ப்பது, அனுபவத்திலிருந்து எழுதிய பதில். கேள்வி இப்படி இருந்தது என்று வையுங்கள்: 100 அலகு, அலகுக்கு 10 வீதம் வந்தது, பிறகு 100 அலகு, 12 வீதம் வந்தது, 150 அலகு உற்பத்திக்கு வழங்கப்பட்டது, முதலில் வந்தது முதலில் போகும் முறையில் வழங்கிய சரக்கின் மதிப்பு என்ன? விடை 100க்கு 1000, 50க்கு 600, ஆக 1600. ஒரு விடைத்தாளில், நிஜத்தில் சரக்கு எல்லாம் ஒரே அடுக்கில் கலந்துதான் இருக்கும், கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்போம், அதனால் சராசரி விலைதான் சரி என்று அழகாக வாதாடி, 150ஐ 11ஆல் பெருக்கி 1650 என்று முடித்திருந்தார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டது மதிப்பிடும் முறை. சரக்கு எந்த அடுக்கிலிருந்து போனது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தாளுக்கு என்னால் மார்க் போட முடியவில்லை, அன்றைக்கு முழுக்க மனது கேட்கவில்லை. கேள்வியில் முறையின் பெயர் இருந்தால் அதன் கீழே கோடு போட்டுவிட்டு, அந்த முறைப்படியே செய்யுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இடம் எடுத்துக்காட்டு கேட்கும் கேள்வியில் இருக்கிறது, அங்கே தாராளமாக எழுதுங்கள். அங்கே நீங்கள் எழுதுவது போலப் புத்தகம் மட்டும் படித்தவரால் எழுத முடியாது.

அதே போல, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "வரையறு" என்றால் இரண்டு வரி போதும். "விளக்குக" என்றால் காரணமும் எடுத்துக்காட்டும் வேண்டும். "வேறுபடுத்துக" என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும், முதல் பக்கத்தில் ஒன்றைப் பற்றியும் அடுத்த பக்கத்தில் மற்றதைப் பற்றியும் எழுதினால் வேறுபாடு எங்கே என்று திருத்துகிறவர் தேட வேண்டியிருக்கும். "மதிப்பிடுக" என்றால் நல்லது கெட்டது இரண்டும் சொல்லி, உங்கள் முடிவையும் சொல்ல வேண்டும். தெரிந்ததையெல்லாம் கொட்டுவதைவிட, கேட்டதைக் கேட்ட மாதிரி எழுதுவது எளிது, நேரமும் மிஞ்சும்.

நேரக் கணக்கு. 180 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் கேள்வித்தாள் படிக்க, கடைசிப் பத்து சரிபார்க்க. மீதி 160. நூறு மார்க்குக்குப் பிரித்தால் ஒரு மார்க்குக்கு ஒரு நிமிடம் 36 வினாடி. அப்படியென்றால் 10 மார்க் கேள்விக்கு 16 நிமிடம், 5 மார்க்குக்கு 8 நிமிடம், 2 மார்க்குக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தாளில் 20 மார்க் சிறு வினா, 30 மார்க் நடு வினா, 50 மார்க் பெரிய வினா என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்குத் தேர்வு என்றால், 10.42க்குச் சிறு வினா முடிய வேண்டும், 11.30க்கு நடு வினா, 12.50க்குப் பெரிய வினா. இந்த மூன்று நேரத்தையும் கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள் (கேள்வித்தாளில் எழுதக் கூடாது என்றால் கடைசிப் பக்கத்தில்). 11.30 ஆகியும் நடு வினா முடியவில்லை என்றால், அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். பெரிய கேள்வியில் முதல் ஐந்து ஆறு மார்க் சுலபமாக வரும், கடைசி இரண்டு மார்க்குத்தான் மெனக்கெட வேண்டும். அந்தக் கடைசி இரண்டுக்காகப் பத்து நிமிடம் செலவழித்து, கடைசிக் கேள்வியைத் தொடாமலே விட்டவர்களின் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். பாதி விடைக்குப் பாதி மார்க்காவது உண்டு. வெறும் இடத்துக்குப் போட ஒன்றும் இல்லை.

இன்னும் சில, சுருக்கமாக. கணக்கில் படிகளைக் காட்டுங்கள், விடை தவறினாலும் படிகளுக்கு மார்க் கிடைக்கும். அடித்தால் ஒரே கோடு போதும். கேள்வி எண்ணைச் சரியாகப் போடுங்கள். பெரிய வினா ஒவ்வொன்றையும் புதுப் பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

சரக்கறைக்காரன்

மாலைவகுப்பு அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. புத்தகத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஆறில் நாலு வந்தது. மறுபயனும் சட்டத்துக்கு உட்பட்ட நோக்கமும் சிவப்பு. நீங்கள் சொன்ன அந்த இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தபோதுதான் சுதந்திர சம்மதம் ஞாபகத்துக்கு வந்தது. இல்லாவிட்டால் அதையும் புத்தகத்தில்தான் பார்த்திருப்பேன்.

அந்த 1650 விடையைப் படித்தபோது திக்கென்றது. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

யாராவது புள்ளியியல் தாளைப் பற்றியும் சொல்லுங்கள். தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டுமா, குத்துமதிப்பாகப் போடலாமா? முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

எண்ணும்எழுத்தும்

புள்ளியியல் என்றதும் வந்துவிட்டேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன்.

முதலில் கழிக்கும் விகிதம் என்ன என்று பாருங்கள், முடிவு அதைப் பொறுத்தது. சரியான விடைக்கு 1, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பு என்று வைப்போம். ஒன்றுமே தெரியாமல் 12 கேள்விக்குப் போட்டால் சராசரியாக 3 சரி, 9 தப்பு. 3 வந்தது, 3 போனது, கையில் பூஜ்யம். அதே 12இலும் ஒரு ஆப்ஷன் நிச்சயம் தப்பு என்று அடிக்க முடிந்தால் 4 சரி, 8 தப்பு, ஒன்றேகால் மார்க்குக்கு மேல் லாபம். இரண்டை அடிக்க முடிந்தால் 6 சரி, 6 தப்பு, 4 மார்க் லாபம். கழிப்பு கால் பங்காக இருந்தால் ஒன்றும் தெரியாமல் போட்டாலே சராசரியில் கொஞ்சம் மேலேதான் நிற்பீர்கள். பாதி மார்க் கழிக்கிறார்கள் என்றால் இரண்டையாவது அடிக்க முடிந்தால் மட்டும் போடுங்கள், ஒன்றை மட்டும் அடித்துவிட்டுப் போட்டால் வருவதும் போவதும் சரியாகிவிடும். இதெல்லாம் சராசரிக் கணக்கு. ஐந்தாறு கேள்விக்கு மட்டும் அப்படிப் போட்டால் அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் அடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்படியானால் திறமை எல்லாம் அடிப்பதில்தான் இருக்கிறது. புள்ளியியலில் அதற்கு நல்ல பிடிகள் உண்டு. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) ஒருபோதும் குறை எண்ணாக வராது. ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்) −1க்கும் +1க்கும் வெளியே போகாது, 1.2 என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் கணக்கே போடாமல் அடியுங்கள். நிகழ்தகவு 0க்கும் 1க்கும் இடையில்தான். கூட்டுச் சராசரி, கொடுத்த எண்களில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவில்தான் இருக்க முடியும். இந்த நாலையும் வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, விடை கண்டுபிடிக்காமல், எத்தனை ஆப்ஷனை அடிக்க முடிகிறது என்று மட்டும் ஒரு நாள் பாருங்கள். அது தனிப் பயிற்சி.

இன்னொன்று, ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு கணக்கைப் போடுங்கள். கேள்வி தயாரிப்பவர் நாம் பாதி வழியில் நின்றால் கிடைக்கும் எண்ணையும் ஆப்ஷனில் வைப்பார். விலக்க வர்க்கச் சராசரி 16 வந்ததும் கீழே 16ஐப் பார்த்தால் கை அதில் போய்விடும். கேட்டது திட்ட விலக்கமாக இருந்தால் இன்னும் வர்க்கமூலம் எடுக்க வேண்டும், விடை 4.

விடையை மாற்றுவது பற்றி உங்கள் நண்பர் சொல்வதை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அது தவறு. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1500க்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வுத் தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். தப்பிலிருந்து சரிக்கு மாறியவை ஏறக்குறைய பாதி. சரியிலிருந்து தப்புக்கு மாறியவை கால்வாசி. மீதி தப்பிலிருந்து இன்னொரு தப்புக்கு. மாற்றிக் கெடுத்தது மனதில் ரொம்ப நாள் நிற்கும், மாற்றி ஜெயித்தது நிற்காது, அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. மாற்றக் காரணம் இருந்தால் மாற்றுங்கள். "கேள்வியில் 'அல்லாதது எது' என்று இருப்பதைக் கவனிக்கவில்லை" என்பது காரணம். "வரிசையாக மூணு தடவை சி வந்துவிட்டது" என்பது காரணம் ஆகாது.

இரவுப்பணி

செவிலியராக இருந்துகொண்டே மேல்படிப்பு எழுதியவள். மூளையைப் பற்றி மேலே நிறைய வந்துவிட்டது, உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வயதில் அதுவும் சேர்ந்துதான் பரீட்சை எழுதுகிறது.

கைக்கு முதலில். இன்றிலிருந்து தினமும் பதினைந்து நிமிடம், நிறுத்தாமல் எழுதுங்கள். அடுத்த வாரம் அரை மணி, அப்புறம் ஒரு மணி. தேர்வுக்கு முன் ஒரு விடுமுறை நாளிலாவது மூன்று மணி நேரமும் உட்கார்ந்து முழுத் தாளையும் எழுதிவிட வேண்டும். மாலைவகுப்பு அக்கா சொன்ன நீல மைப் பயிற்சியையே இதற்கும் பயன்படுத்தினால் தனி நேரம் வேண்டாம். ரொம்ப நாள் எழுதாதவர்கள் பேனாவை இறுக்கிப் பிடித்துத் தாளில் அழுத்துவார்கள், வலி அதனால்தான் சீக்கிரம் வருகிறது. அழுத்தாமல் மை இறங்கும் பேனாவாகப் பார்த்து வாங்கி, அதே பேனாவால் பழகி, அதையே எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பெரிய கேள்வியும் முடிந்ததும் கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். விரல் மரத்துப்போகிறது, மணிக்கட்டில் மின்சாரம் போல இழுக்கிறது என்றால் அது வெறும் பழக்கமின்மையாக இல்லாமலும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கை, கண், சர்க்கரை எதுவானாலும் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் கூடுதல் நேரமோ உதவியாளரோ கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கடைசி வாரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கண்ணை மறக்காதீர்கள். 43 என்றால் வெள்ளெழுத்து ஆரம்பிக்கும் வயது. பகலில் நல்ல வெளிச்சத்தில் படிக்க முடிகிறதே என்று விட்டுவிடுவோம், மங்கலான அறையில் பொடி எழுத்துக் கேள்வித்தாளைக் கொடுத்தால்தான் தெரியும். இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். படிக்கும் கண்ணாடி போட்டால் சுவர்க் கடிகாரம் தெரியாது, அதனால் சாதாரண முள் கைக்கடிகாரம் அனுமதி உண்டா என்று விசாரித்து வையுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அது சிறுநீர் அதிகம் பிரிய வைக்கும் வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், தேர்வு நாளன்று நாமாக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. என் வார்டில் அப்படி விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் இரவு தூக்கம் வேண்டும். படித்தது மனதில் பதிவதற்கே தூக்கம் தேவை, அதை வெட்டிப் படித்தால் ஏறியதும் நிற்காது. நீங்கள் இரவில் படிக்கிறவர், தேர்வு காலையில். கடைசி இரண்டு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை மாற்றி, தேர்வு நடக்கும் நேரத்திலேயே விடுமுறை நாளில் எழுதிப் பழகுங்கள். ஷிப்ட் மாறும்போது முதல் இரண்டு நாள் தலை வேலை செய்யாதே, அது போலத்தான்.

படபடப்பு வரும். 2011இல் ஜெரார்டோ ராமிரெஸும் சயன் பைலாக்கும் செய்த ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை அப்படியே தாளில் எழுதிய மாணவர்களில், அதிகமாகப் பதறுகிறவர்கள், அப்படி எழுதாத பதற்றக்காரர்களைவிடத் தேர்வை நன்றாக எழுதினார்கள். நான் காத்திருக்கும் இடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, "எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், நான் மட்டும் இங்கே என்ன செய்கிறேன்" என்பதிலிருந்து ஆரம்பித்து எழுதுவேன். எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போவேன். அந்த நேரத்தில் மற்றவர்கள் கூடி நின்று "இது படிச்சியா, அது வருமா" என்று பேசுகிற பக்கம் போகவே வேண்டாம்.

சரக்கறைக்காரன்

கண்ணாடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வித்தாள் எழுத்து இப்போதே கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறது. இந்த வாரமே போகிறேன். தப்புக்குக் கால் மார்க் கழிப்பு என்று விதிமுறைத் தாளில் பார்த்தேன், அதனால் ஒன்றையும் விடாமல் போட்டுவிடுவேன்.

கடைசியாக இரண்டு சந்தேகம், மாலைவகுப்பு அக்கா. உள்ளே உட்கார்ந்து கேள்வியைப் படித்ததும் ஒன்றுமே தெரியாதது போல ஆகிவிட்டால் என்ன செய்வது? எத்தனை வருடத்துக் கேள்வித்தாள் எழுதிப் பார்க்க வேண்டும்?

மாலைவகுப்பு

தெரியாதது போல ஆனால், அந்தக் கேள்வியை உடனே விட்டுவிட்டு, நிச்சயம் தெரிந்த ஒரு சிறு வினாவை எழுத ஆரம்பித்துவிடுங்கள். பேனா ஓட ஆரம்பித்தால் மூச்சும் சீராகும். கேள்விகளை வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று விதி இல்லாவிட்டால், எண்ணைச் சரியாகப் போட்டு எந்த வரிசையிலும் எழுதலாம். திரும்பி வரும்போது, அந்தக் கேள்வியைப் பற்றி எது தெரியுமோ அதை ஓரத்தில் எழுதுங்கள். பாடத்தின் பெயர், அந்த அத்தியாயத்தில் வந்த ஒரு எடுத்துக்காட்டு, ஏன், உங்கள் மகள் என்ன கேட்டாள் என்பதுகூட. ஒரு நுனி கிடைத்தால் அதைப் பிடித்து மற்றதை இழுக்கலாம். ஒப்பந்தம் என்றால் ஆறு என்று எண்ணிக்கையையும் சேர்த்து நினைவில் வையுங்கள், இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்று தெரிந்தாலே மனது தேடும்.

கேள்வித்தாள், கிடைத்தால் ஐந்து வருடத்தது எடுங்கள். ஆனால் ஐந்தையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத உங்களுக்கு நேரம் இருக்காது, அது தேவையும் இல்லை. முதலில் ஐந்தையும் பக்கத்தில் வைத்து, எந்த அத்தியாயத்திலிருந்து எத்தனை மார்க்குக்கு வந்திருக்கிறது என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. அடிக்கடி வரும் அத்தியாயங்கள் முதலில். பெரிய வினாக்களுக்கு ஐந்து நிமிடத்தில் தலைப்புகளை மட்டும் எழுதிப் பாருங்கள், முழு விடை வேண்டாம். இரண்டு தாளை மட்டும் கடிகாரம் வைத்து முழுதாக எழுதுங்கள், ஒன்று அடுத்த மாத நடுவில், இன்னொன்று தேர்வுக்குப் பத்து நாள் முன்னால். இந்த வருடம் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், மாறியிருந்தால் பழைய தாளில் சில கேள்விகள் உங்களுக்கு இல்லாததாக இருக்கும்.

முதல் தாளை எழுதியதும் அடக்கவிலைக் கணக்கு ஒன்றை இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், திருத்தித் தருகிறேன்.